நூறு கிலோ வராது, மதினி

என் அருமை மதினி பாண்டீஸ்வரிக்கு,

காய்ச்சல் என்று கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போன நீ உயிரோடு திரும்பி வராமல் ஒன்றரை வருசம் ஆகிறது. அதற்குப் பிறகு நானும் பள்ளிக்கூடம் போகவில்லை. உன் அம்மாவோடு, அதான் என் அத்தையோடு, திராட்சை ஷெட்டில் பெட்டி கட்டுகிறேன். இன்றைக்கு எனக்கு வந்திருக்கிற கோபத்தை உன்னை விட்டால் யாரிடம் சொல்ல?

ஷெட்டில் ரெண்டே அளவுப் பெட்டிதான். ஆறு கிலோ, ஒன்பது கிலோ. குறைத்துக் கட்டினால் ஜீப் மலை ஏறும்போது பழம் உருண்டு நசுங்கும். அதனால் எல்லாப் பெட்டியும் நிறைந்துதான் போக வேண்டும். திங்கட்கிழமை குமுளி வியாபாரி சரியாக நூறு கிலோ கேட்டார். அத்தை ஒன்பதில் ஐந்து பெட்டி, ஆறில் ஒன்பது பெட்டி கட்டினார். தொண்ணூற்றொன்பது. மிஞ்சிய ஒரு கிலோ வழக்கம்போல உதிரிக் கூடைக்குப் போனது.

மறுநாள் வியாபாரி, ஒரு கிலோ குறைகிறது என்று போன் செய்தார். சாயங்காலம் உதிர்ந்த பழத்தைத் தூக்குவாளியில் வீட்டுக்கு எடுத்துப் போவது ஷெட்டு வழக்கம். அன்றைக்கு வேலை முடிந்ததும் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் அத்தையின் வாளியைத் திறந்தார். ரெண்டு கை உதிரிப் பழம் இருந்தது. "நேத்தும் இப்படித்தான் போயிருக்கு. நாளைக்கு வர வேணாம்" என்றார். அத்தை வாளியை அங்கேயே வைத்துவிட்டு நடந்தார்.

நான் வாய் திறக்கவில்லை, மதினி. அந்தப் பெட்டிகளில் நூறு வராது என்று தெரிந்தும்.

அந்தப் பெஞ்சுக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? நாலு பேர் பெஞ்சு, ஆறு பேர் பெஞ்சு, இடம் மிஞ்சாமல் முப்பத்தைந்து பேர் உட்கார வேண்டும். சார் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டார். நீ "முடியாது" என்று விடை எழுதினாய். நாலும் ஆறும் இரட்டை, கூட்டினால் ஒற்றை எப்படி வரும்? சிவப்பு மையில் தப்புப் போட்டு, பீரியட் முடியும்வரை உன்னை நிற்க வைத்தார். நானும் பென்சிலில் அதையேதான் எழுதியிருந்தேன். நீ நிற்பதைப் பார்த்ததும் ரப்பரால் அழித்துவிட்டேன். அது உனக்குத் தெரியுமா?

கேள்வி தப்பு, நின்றது நீ. வராத எடையைக் கேட்டது அவர்கள், திருடி ஆனது உன் அம்மா. இது என்ன நியாயம்?

இன்று அத்தை வேலைக்கு வரவில்லை. பெட்டி அட்டையில் 6x + 9y = 100 என்று எழுதி சூப்பர்வைசரிடம் நீட்டினேன்.

"படிப்ப விட்டவளுக்கு எக்ஸு ஒய்யா?" என்று சிரித்தார்.

"வெறும் பெட்டிய வச்சு நீங்களே நூறு கொண்டாங்கண்ணே."

அடுக்கினார். தொண்ணூற்றொன்பது. மூன்று ஆறை எடுத்துவிட்டு ரெண்டு ஒன்பதை வைத்தார். அதே எடை. ஒரு ஆறுக்குப் பதில் ஒன்பதை வைத்தார். நூற்றிரண்டு. "ஆறும் ஒம்பதும் மூணாம் வாய்ப்பாட்டு வீட்டுப் பிள்ளைகண்ணே. நூறு அந்த வீட்டுக்கு வராது" என்றேன். நீ பேசுகிற மாதிரியே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் வந்து, "ஒங்க அத்தைய வரச் சொல்லு" என்றார். வேறு யார் காதிலும் விழவில்லை.

வாளியைத் திறந்தது எல்லார் முன்னாலும். இதை மட்டும் ஏன் என் காதில்? அத்தையிடம் வந்து சொன்னேன். "நான் எடுக்கலன்னு அவுக சொன்னாகளாத்தா?" என்று மட்டும் கேட்டார்.

நாளைக் காலை எல்லாரும் பெட்டி மடிக்க உட்காரும்போது, அந்த அட்டையோடு நடுவில் போய் நிற்பேன். அத்தை எடுக்கவில்லை என்று, வாளியைத் திறந்த அதே இடத்தில் அவர் சொல்ல வேண்டும். கேட்க எனக்குக் குரல் வராவிட்டால், வரும்வரை நிற்பேன். நீ நின்றாயே. உன் மேல் சத்தியம், இந்த முறை அழிக்க மாட்டேன்.

அன்று உன் பக்கத்தில் எழுந்து நிற்காத
உன் மதினி,
மீனா