வாடைக் கணவாயில் இரண்டு ரயில்கள்

காலை 6.40. பனித்துறை நிலையம்
ஓட்டுநர் இசக்கிமுத்து. வெளியே மைனஸ் ஐம்பத்தெட்டு. வாடைக் கிரகத்தில் இதற்குப் பெயர் நல்ல வானிலை. சுரங்க வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளுமாக மூன்று பெட்டியும் நிறைந்திருக்கிறது. ஹீட்டர் சரி. கதவு சரி. வழக்கம்போல் எனக்கு முன்னால் காலி ரயில் போயிருக்கிறது. மேல்கம்பியில் படியும் பனிக்கட்டியைச் சுரண்டுவது அதன் வேலை. ஓட்டுவது என் மனைவி பேச்சியம்மாள். வீட்டிலும் அவள் முன்னால் போவாள், நான் பின்னால் போவேன். பழகிவிட்டது.

7.25. கணவாய்க்கு இந்தப் பக்கம்
மின்நிலையம் படுத்துவிட்டது. கம்பியில் மின்சாரம் இல்லை, ரயில் நின்றுவிட்டது. மீட்பு வண்டி வர இரண்டு மணி நேரமாவது ஆகுமாம். ஹீட்டர் இல்லாமல் அரை மணி தாங்கினாலே பெரிது. பிள்ளைகளை நடுப்பெட்டியில் நெருக்கி உட்காரவைத்தேன். 

7.40
பேச்சி ரேடியோவில் வந்தாள்.

"நான் கணவாய் உச்சில நிக்குதேன். அந்தப் பக்கத்து எறக்கத்துல வண்டிய விடுதேன். கரண்ட் வரும். ஹீட்டர போட்டுக்கிடுங்க."

எங்கள் ரயில்கள் இறக்கத்தில் பிரேக் போட்டால் மோட்டாரே மின்சாரம் தயாரித்துக் கம்பிக்கு அனுப்பும். அதை இன்னொரு ரயில் வாங்கிச் செலவழித்தால்தான் அந்த பிரேக் பிடிக்கும். இல்லையென்றால் சக்கரத்தில் உரசும் சாதா பிரேக்தான் கதி.

"சாதா பிரேக் எப்படி இருக்கு?"

"அது உறைஞ்சு போச்சு, பிடிக்காது. அதுக்கென்ன இப்போ. நீங்க ஹீட்டர அணைக்காம இருந்தாச் சரி."

உள்ளே வெதுவெதுப்பு வந்தது. ஒரு சிறுமி கையுறையைக் கழற்றினாள். நான் திரும்பி நின்று அழுதேன்.

9.35
மீட்பு வண்டி வந்துவிட்டது. எல்லோரும் உயிரோடு ஏறிவிட்டார்கள். கட்டுப்பாட்டு அறை அழைத்தது.

"அண்ணாச்சி, எல்லாத்தையும் அணைச்சிட்டு நீங்களும் ஏறுங்க. வண்டி நிக்க முடியாது."

வண்டியைப் போகச் சொல்லிவிட்டேன். பேச்சி சமதரைக்கு வர இன்னும் இருபது நிமிடமாவது வேண்டும். அதுவரை என் ஹீட்டர்தான் அவள் பிரேக். ஓட்டுநர் இறங்கிப் போனால் ஹீட்டர் தானே அணைந்துவிடும்.

9.41
பெட்டிகள் போதுமான அளவு சூடாகிவிட்டதால் ஹீட்டர்கள் தாமாகவே நிற்கின்றன. எந்தப் புத்திசாலி செய்து வைத்த ஏற்பாடோ. கதவு ஓர் அங்குலம் திறந்திருந்தாலே பயணிகளிடம் கத்துகிறவன் நான். இப்போது எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டேன். பனி உள்ளே கொட்டுகிறது. ஹீட்டர்கள் மறுபடி முழு மூச்சில் எரிகின்றன. எரியட்டும்.

9.48
பனி புகுந்து முதல் பெட்டி ஹீட்டர் கருகிவிட்டது. மூன்றாவதும். பேச்சியின் குரல் விட்டுவிட்டு வருகிறது.

"வண்டி வேகம் எடுக்குது. அங்க பிள்ளைய எல்லாம் எப்படி இருக்கு?"

"மீட்பு வண்டில ஏறிட்டாவ. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல."

"நீங்க?"

"நானும் ஏறிட்டேன்."

"பின்ன எப்படி அந்த ரேடியோல பேசுதிய? உங்களுக்குப் பொய் சொல்ல வராதுல்லா." கொஞ்ச நேரம் இரைச்சல். "ஹீட்டர அணைச்சிட்டுக் கெளம்புங்க. நான் பாத்துக்கிடுதேன்."

மாட்டேன் என்றேன். அது அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை.

9.51
நடுப்பெட்டி ஹீட்டரும் போய்விட்டது. அவள் அனுப்பும் மின்சாரத்தை வாங்க ஆளில்லாமல் கம்பி மீட்டரின் முள் உச்சிக்கு ஏறியது. விழுந்தது. அவள் பிரேக் விட்டுவிட்டது. சமதரைக்கு அவள் இன்னும் வந்திருக்க முடியாது. ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

விரல் மடங்கவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கண்டெடுப்பவர்களே, ஒன்று மட்டும். அவள் அணைக்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அணைந்தது. இந்தத் தடவையும் நான் அவள் சொன்னபடி கேட்டேன் என்றுதான் நினைத்திருப்பாள்.

கேட்கவில்லை பேச்சி. நான் அணைக்கவில்லை. நான்