நிலைக்கு வைத்த வேட்டி

அப்பாவுக்கு,

எழுந்து வாசல் தெளித்து, அடுப்பு மூட்டிக் கம்பங்கூழ் காய்ச்சி வைத்திருக்கிறேன். மோர் உறியில் இருக்கிறது. பூவரச மரம் பார்க்கத் திருச்செங்கோடு போகிறேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவேன். நீங்கள் முதலில் தொடுவது உளிப்பெட்டியைத்தான் என்பதால் இந்தச் சீட்டை அதன்மேல் வைக்கிறேன். கண்ணாடி இல்லாமல் படிக்கப் பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன்.

வெண்ணந்தூர் சின்னண்ணக் கவுண்டர் இன்று வருவார். வாசல்நிலை செய்த கூலியைக் கல்லாப்பெட்டியில் போடுங்கள்; பட்டறைக் கணக்கில் நான் எழுதிக்கொள்கிறேன். நிலை வைத்ததற்கு அவர் தரும் வேட்டியும் வெற்றிலைத் தட்டும் உங்களுக்கு. அதை எழுதமாட்டேன்.

போன தையில் அப்படி வந்த வேட்டிக்கு விலை போட்டு வரவில் எழுதினேன். "நிலைக்கு வெச்ச வேட்டிக்கு வெல போடறவன், நாளைக்கு என் தலைக்கும் போடுவான்" என்றீர்கள். அன்று நின்றது நம் பேச்சு. அந்த வரியை நேற்று அடித்துவிட்டேன். அது கூலி இல்லை, மரியாதை.

அதன்பின் நம் இருவர் பேச்சையும் உங்கள் மருமகள்தான் சுமந்தாள். நீங்கள் திட்டியதைப் பாதியாகக் குறைத்து, "மாமா சிரிச்சுட்டேதாங்க சொன்னாங்க" என்று சேர்த்துக்கொள்வாள். நான் சொன்னதையும் உங்களிடம் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அவள் இறந்தபின் வீட்டில் உளிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

பி.கு: கல்லாச் சாவி விளக்கு மாடத்தில்.

இன்னொன்று. ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறும்போது அவள் கடைசியாகச் சொன்னது, நான் இன்றுவரை செய்யாதது இது: "மாமாவுக்குத் தண்ணி காய வெச்சிருக்கறனுங்க. இன்னைக்கு நீங்களே ஒருக்கா வாய் தொறந்து கூப்புடுங்க."