ஒரேயொரு கதிரை வைத்த பாட்டறை

என் அன்பான இஞ்சாருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. இருபத்தாறு வருடம் கூப்பிட்டபடியே கூப்பிடுகிறேன்.

நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. வாசலில் பனி குவிந்து கிடக்கிறது, வழிக்க ஆளில்லை. மகள் டவுன்டவுனில் இருந்து ஞாயிறுகளில் வந்து எட்டிப் பார்க்கிறாள்.

பேஸ்மென்டில் உங்கள் பாட்டறையை நேற்றுத்தான் திறந்தேன். ஆளுயரத்தில் இரண்டு ஸ்பீக்கர், தூக்கவே முடியாத அம்ப்ளிஃபயர், நடுவில் ஒரேயொரு கதிரை. "சத்தம் சரியாச் சேர்ற இடம் ஒண்டுதான். அதில ஒராள்தான் இருக்கலாம்" என்பீர்கள். எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமா? துறைமுகத்துக் களஞ்சியத்தில் வேலை முடிந்து வந்ததும் நேரே கீழே இறங்கிவிடுவீர்கள். ஒரு பாட்டையாவது முழுதாகக் கேட்டீர்களா? பல்லவி முடியமுதல் எழும்பி வயரை மாற்றுவீர்கள், அதுவும் சரிவராவிட்டால் புது ஸ்பீக்கரே வாங்கி வருவீர்கள். நான் மேலே குசினியில் சத்தம் கூடக் கேட்கப் போனை ஒரு கோப்பைக்குள் வைத்து, அதே பாட்டைக் கறி தாளித்தபடி கடைசிவரை கேட்பேன். "நான் பாட்டு ரசிக்கிறன், இவர் பெட்டி ரசிக்கிறார்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

கோடையில் ஒருநாள் கேலி எல்லை மீறிவிட்டது. விருந்துக்கு வந்த ஆட்களுக்கு முன்னால், "இந்த மனிசனைக் கட்டினதுக்கு ஒரு ரேடியோவைக் கட்டியிருக்கலாம், அதெண்டாலும் கதைக்கும்" என்றேன். உங்கள் முகம் செத்துப்போனது. அடுத்த நாள் காலை நீங்கள் புட்டுச் சாப்பிடும்போது, வழக்கம்போல உங்கள் இடப்பக்கக் கதிரையில் இருந்து, தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னேன்: "நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." குசினி ஃபான் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரி, இவ்வளவுதானா என்று நானும் உங்களோடு கதையை விட்டேன், கல்நெஞ்சன் என்று மற்றவர்களிடம் சொல்லித் திரிந்தேன். சாப்பாடு இருக்கு, சாவி எங்கே, அதைத் தவிர வேறு கதை இல்லை. மூன்று மாதம் அப்படியே போனது. பிறகு நீங்கள் களஞ்சியத்தில் விழுந்தீர்கள், எழும்பவேயில்லை.

நேற்று, எங்கள் ஆட்களின் கலியாணங்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் செல்வம் அண்ணை, உங்கள் பாட்டுச் செட்டை விற்றுத் தருவதற்காகப் பார்க்க வந்தார். ஒரு பாட்டைப் போட்டுவிட்டு உங்கள் கதிரையில் இருந்தவர் முகத்தைச் சுளித்தார். "தங்கச்சி, பாட்டு முழுக்க இடப்பக்கம் இழுக்குது." எழும்பிப் பார்த்தால், இரண்டு பக்கச் சத்தத்தையும் சமப்படுத்தும் திருகியை இடப்பக்கம் முட்ட முறுக்கி வைத்திருக்கிறீர்கள். "அவருக்கு இடக்காது கேக்கிறேல்லையோ?" என்றார்.

"அப்பிடியொண்டும் இல்லையே அண்ணை" என்றேன். சொல்லி முடியமுதல் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. காரில் நான் உங்கள் வலப்பக்கம். அங்கே கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்வீர்களே! மேசையில் இடப்பக்கம். ஐயோ, எத்தனை வருடம்? ஸ்பீக்கரில்தான் பிழை என்று நினைத்தா மாற்றி மாற்றி வாங்கினீர்கள்? இல்லை, தெரிந்தும் மறைத்தீர்களா? வேலையால் நிற்பாட்டிவிடுவார்கள் என்ற பயமா?

அண்ணை திருகியை நடுவில் வைத்து என்னைக் கதிரையில் இருத்தினார். பாடுகிறவள் எனக்கு முன்னால் நின்று மூச்செடுப்பது கேட்டது. போனில் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. நீங்கள் சொன்னது சரிதான், என் கேலிதான் பிழை. ஆனால் அதை அப்படி நீங்கள் கேட்காமலே போய்விட்டீர்களே. அழுகை வந்து நானும் பாதியில் எழும்பிவிட்டேன்.

மகளுக்குச் சொன்னேன். "அம்மா, ஒரே வீட்டில இருந்தனீங்கள், உங்களுக்குத் தெரியாதே?" என்றாள்.

சனிக்கிழமை செட் போகிறது. வைத்திருந்து என்ன செய்ய? நீங்கள் என்னை மன்னிக்காமல் போனீர்களா, நான் சொன்னது காதில் விழாமலே போனீர்களா என்று இனி எனக்கு யார் சொல்லுவார்? ஒரு வாக்குத் தருகிறேன். கல்நெஞ்சன் என்று இனி உங்களை ஒருவரிடமும் சொல்லமாட்டேன். வேறொன்றும் தர என்னிடம் இல்லை.

பக்கத்திலேயே இருந்தும் அறியாத உங்கள் மனுசி,
கௌரி