அப்பா தலையில் அள்ளாத கரி

முத்தாண்டிக்குப்பம்
12.9.2014

அன்பு மகன் இளம்பரிதிக்கு அம்மா எழுதுவது. இங்கு நான் சுகம், உன் அப்பாவும் சுகம், அது அவருக்குத்தான் ஞாபகமில்லை. குவைத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாரியாத்தா துணை.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. அப்பா மூளையில் புரோட்டீன் சேர்ந்துபோச்சு, அதனால்தான் மறதி என்று பாண்டிச்சேரி டாக்டர் சொன்னாரா, வந்ததும் முட்டை, பருப்பு, கருவாடு எல்லாம் நிறுத்திவிட்டேன், மூணு வாரம் வெறும் ரசஞ்சோறு, மனுஷன் துடைப்பக்குச்சி ஆகிவிட்டார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அது தின்று வருவதில்லையாம், மூளையே உண்டாக்குவதாம், எல்லார் தலையிலும் உண்டாகி அப்பப்போ கழுவிப் போய்விடுமாம், இவருக்குப் போகாமல் பிசின் மாதிரி ஒட்டி இருபது வருஷமாகக் கட்டிகட்டியாகச் சேர்ந்திருக்கிறதாம். எனக்கு உடனே விளங்கியது. நெய்வேலிச் சுரங்கத்தில் கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளாவிட்டால் குவிந்து பெல்ட்டே நின்றுவிடும் என்று அப்பாதானே சொல்லுவார், இருபத்தெட்டு வருஷம் காண்ட்ராக்டில் அதைத்தான் அள்ளினார், தன் தலையில் சிந்தியதை அள்ள ஆள் வைக்கவில்லை. குணமாகுமா என்றேன், இது பர்மனென்ட்மா என்றார். பாவம், வேலை பர்மனென்ட் ஆகுமென்று காத்திருந்தவருக்கு ஒருவழியாகக் கிடைத்தது.

போனில் சொல்லலாமென்றால் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நேற்று என்னிடம், யாரும்மா நீ, எங்கூட்டுக்காரி வந்துகினு இருக்கா, பார்த்தா சண்டை வலிப்பா, கெளம்பு என்கிறார். அவள் ஓடிப்போய்விட்டாள், இனி நான்தான் என்றேன். சாயந்தரம் வரை அழுதார். அழகாக இருப்பாளாம். முப்பது வருஷத்தில் என் காதுபடச் சொன்னதில்லை.

புதுசாகச் சேர்ந்த ஞாபகம்தான் முதலில் போகுமாம். அவர் கணக்கில் நீ ஆறாவது படிக்கிறாய், பள்ளிக்கூடம் விட்டு இன்னும் வரவில்லை. பொங்கலுக்கு வருகிறேன் என்றாயே, அதுவரை ஆறாவதிலாவது வைத்திருப்பாரா தெரியாது, இந்த மாசமே லீவு கேள். மீசையை எடுத்துவிட்டு வா, இல்லாவிட்டால் காண்ட்ராக்டர் என்று கும்பிடுவார். அந்த முகமாவது நிற்கட்டும் என்று உன் ஆறாவது வகுப்பு போட்டோவைப் பெரிசாக்கி ஃபிரேம் போட்டு நடுச்சுவரில் மாட்டியிருக்கிறேன்.

நூறு வயசு இரு என்று வாழ்த்தப் பயமாக இருக்கிறது, எண்பது போதும், தெளிவாக இரு. மீசையை மறக்காதே.

இப்படிக்கு
உன் அம்மா செந்தாமரை

எழுத விட்டுப்போனது: இன்று நான் நெய்வேலி குவார்ட்டர்ஸில் வீட்டுவேலை முடித்து வருவதற்குள் அப்பா அந்தப் போட்டோவுக்கு மாலை வாங்கிப் போட்டு ஊதுபத்தி ஏற்றியிருந்தார். பள்ளிக்கூடம் போன புள்ள திரும்பலியே என்று அவர் அழுததைக் கேட்டு, குவைத்திலிருந்து தகவல் வந்துவிட்டதென்று தெருவில் ஒன்பது பேர் துக்கத்துக்கு வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கலியம்மாள் உனக்காக நன்றாக அழுதாள். எல்லாருக்கும் டீ போட்டேன், பால் தீர்ந்துவிட்டது.