கியோகோவுக்கு எழுதிய வாக்கியம்

மார்ச் 11, செவ்வாய்

மனைவி ராத்மிலா வேலைக்குப் போனதும் சமையலறை மேசைக்கு வந்து, வலது காலைச் சுவர்ப் பக்கம் நீட்டி உட்கார்ந்தேன். கணுக்கால் வளையத்துக்கு தினமும் இரண்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும். அந்த இரண்டு மணி நேரம்தான் என் ஜப்பானிய வகுப்பு. பாடப்புத்தகம் மகள் இஸிதோராவுடையது. நோவி சாத்துக்குப் படிக்கப் போனபோது விட்டுப்போனாள். ஓரங்களில் எல்லாம் பூனை வரைந்து வைத்திருக்கிறாள்.

வாசற்படியைத் தாண்டினால் பெல்கிரேடில் ஏதோ ஓர் அறையில் மணி அடிக்குமாம். பத்து மாத வீட்டுச்சிறை. நான்கு முடிந்திருக்கிறது.

கியோகோவிடமிருந்து கடிதம். ஜப்பானில் தொயாமா என்ற ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற அம்மா, அறுபத்தொரு வயது. அவர் பாடும் குழுவில் எங்கள் பாட்டுகளைப் பாடுகிறார்களாம், அதற்காக செர்பிய மொழி கற்கிறார். மொழி பழகுவோருக்கான இணையதளத்தில் கிடைத்த நட்பு. "நான் இன்று கடைக்குப் போனான். மழை வந்தாள்" என்று எழுதியிருந்தார். திருத்தி அனுப்பினேன். என் ஆறு வரி ஜப்பானியத்தில் அவர் ஒன்பது தப்பு கண்டுபிடித்திருக்கிறார்.

கடைசியில் வழக்கமான கேள்வி: "இன்று உங்கள் பேருந்து எங்கே போனார்?"

ஆற்றைக் கடந்து ரயில் நிலையம் வரை போனது என்று எழுதினேன்.

மார்ச் 14

ஐந்து வாரமாகப் பொய்யாகப் பேருந்து ஓட்டுகிறேன். ஒரு நாளும் தாமதமில்லை.

ஏப்ரல் 2, புதன்

ராத்மிலா ரொட்டிக் கடையிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"மிலுங்காவைப் பார்த்தேன். தபாலாபீஸ்ல இப்ப உள்ள உட்கார்ந்து பார்க்கிற வேலை குடுத்திருக்காங்களாம். கைத்தடி வச்சுத்தான் நடக்கிறாங்க. அவங்களே வந்து வணக்கம் சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"'உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்? நான் பார்க்காம ரோட்டுல இறங்கினதால அவருக்கும் கஷ்டமாப் போச்சு'ன்னாங்க."

நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

போன வருடம் பிப்ரவரி, காலை ஆறு மணி, சந்தை வளைவில் நடந்தது. சாலையில் பனிக்கட்டி. மிலுங்கா சாலை கடக்கும் கோடுகளில் பேருந்தில் அடிபட்டு இடுப்பு உடைந்தார். அன்று காலை நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. நான் நீதிமன்றத்தில் சொன்னது: திடீரென்று சாலையில் இறங்கினார், பிரேக் போட்டேன், வண்டி வழுக்கியது. நான் வேகமாக வந்தது என் பிழை. அவர் பார்க்காமல் இறங்கியது அவர் பிழை. பழியில் ஒரு பங்கு அவருக்கு என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள்.

நான் சொன்னதில் பனிக்கட்டி உண்மை. மீதியை இங்கேயும் எழுத வரவில்லை.

மே 6

கியோகோ ஆற்றின் படம் கேட்டிருந்தார். தொலைபேசியில் இருந்த பழைய படம் ஒன்றை அனுப்பினேன், பாலத்திலிருந்து எடுத்தது. இன்று பதில்: "அழகு! உங்கள் ஊரில் மே மாதத்திலும் பனி விழுகிறாளா?"

பார்க்காமல் அனுப்பியிருக்கிறேன். பாலத்துக் கம்பிகளில் ஒரு சாண் பனி.

மே 7

பதில் எழுதவில்லை. வளையத்துக்கு அடியில் அரிக்கிறது. பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்ததில் ரத்தம்.

சன்னலிலிருந்து கதவுக்குப் பதினொரு அடி. கதவிலிருந்து சன்னலுக்கும் அதேதான். வேறென்ன இருக்கும்?

மே 10, சனி

அனுப்பிவிட்டேன். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம். "நான் பேருந்து ஓட்டவில்லை. பொய் சொன்னேன், மன்னிக்கவும். வீட்டில் சிறை இருக்கிறேன். சாலையில் பனி இருந்தது. பேருந்து வழுக்கியது. ஒரு பெண் விழுந்தார்." கீழே இதையே செர்பிய மொழியிலும் எழுதினேன். தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாதே.

மே 19

கடிதம் இல்லை.

மே 31

இல்லை. பள்ளி முடித்த பிள்ளைகள் கீழே கார்களில் ஹாரன் அடித்துக்கொண்டு ஊரைச் சுற்றுகிறார்கள். பால்கனிக் கதவைச் சாத்தினேன். வெக்கை தாங்காமல் மறுபடி திறந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

வந்தது. முழுதும் செர்பிய மொழியில். எத்தனை நாள் உட்கார்ந்து எழுதினாரோ, ஆண்பால் பெண்பால் தப்பு ஒன்றுகூட இல்லை.

"உங்கள் ஜப்பானிய வாக்கியங்கள் சரியாக இருக்கின்றன. ஆனால் எனக்குப் புரியவில்லை. எங்கள் மொழியில் 'நான்' என்பதை விட்டுவிடுவது வழக்கம். விபத்தைச் சொல்லும் இடத்தில் நீங்கள் உங்கள் மொழியிலும் விட்டுவிட்டீர்கள். பேருந்து வழுக்கியது, பெண் விழுந்தார். அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

குத்திக்காட்டுகிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா? நிஜமாகத்தான் கேட்கிறார். மொழி படிக்கிறவர், புரியாததைக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். வக்கீல் கேட்டபோது பதில் வைத்திருந்தேனே. நீதிபதிக்கும் வைத்திருந்தேன். இந்தம்மாவுக்கு ஏன் இல்லை?

ஜூன் 4

போன் பார்த்துக்கிட்டிருந்தேன்.

எழுதியாச்சு, கியோகோவுக்கும். பாடப்புத்தகத்தில் ஐந்தாவது பாடத்துச் சொற்களே போதுமாக இருந்தன. நான் தொலைபேசியைப் பார்த்தேன். நான் சாலையைப் பார்க்கவில்லை. நான் தலையை நிமிர்த்தியபோது அந்தப் பெண் பாதிச் சாலைக்கு மேல் கடந்திருந்தார். அவர் திடீரென்று இறங்கவில்லை. நான் பொய் சொன்னேன்.

என்னைப் பற்றிய எல்லா வரியிலும் 'நான்' போட்டேன். ஜப்பானியர் காதுக்கு நாராசமாக இருக்கும். இருக்கட்டும்.

ஜூன் 12, வியாழன்

கியோகோவின் பதில் நாலு வரி. "படித்தேன். இதை எனக்கு எழுதியிருக்க வேண்டாம். அந்த அம்மா உங்கள் ஊரில் இருக்கிறார், நான் இல்லை. எனக்கு உங்களிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. சில காலம் எழுத மாட்டேன்."

முதல் முறையாக ஒரு தப்பையும் திருத்தாமல் விட்டிருக்கிறார்.

ஜூன் 15, ஞாயிறு

ராத்மிலாவிடம் சொன்னேன். இருவரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

கோப்பையைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"நீ எப்பவும் போன் பார்த்துத்தானே ஓட்டுவே. நான் உன் பஸ்ல வந்ததில்லையா?"

மிலுங்காவுக்கு எழுதப் போகிறேன் என்றதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"விதோயே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இன்னும் மூணு மாசத்துல கால்ல இருக்கிறதைக் கழட்டிடுவாங்க. ஒரு வருஷமா கடைக்கு வர்றவங்க மொறைக்கிறதை எல்லாம் நான் தின்னுக்கிட்டிருக்கேன். இப்பத்தான் ஓய்ஞ்சிருக்கு. நீ மனசு லேசாகணும்னு என் தலையில மண்ணைப் போடாதே."

"அவங்க தன் தப்புன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க."

"நினைச்சுட்டுப் போகட்டும். எங்கிட்ட சிரிச்சுத்தானே பேசினாங்க."

சொல்லிவிட்டு அவளே முகத்தைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அவளைத் தொடத் தைரியம் வரவில்லை.

ஜூன் 22

கடிதம் எழுதி ஒரு வாரம். கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லை. ராத்மிலா தொட மாட்டேன் என்கிறாள். தபாலில் போட்டால் அது மிலுங்காவின் தபாலாபீஸுக்கே போகும்; எல்லார் முன்னாலும் பிரிப்பார்.

எங்கே பார்த்தாலும் சுவர். வெளியே போக முடிந்த நாட்களில் இந்த வார்த்தை வாயில் வரவில்லை. வார்த்தை வந்திருக்கிறது, கால் போக முடியாது.

ஜூன் 28, சனி

இஸிதோரா வந்திருக்கிறாள். உறையை நீட்டினேன்.

"இதுல என்னப்பா இருக்கு?"

"படிச்சுட்டுக் கொண்டுபோ. தெரியாமத் தூக்கிட்டுப் போகாதே."

நின்றபடியே படித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். திரும்பி வந்து, "கையில குடுத்தேன்" என்று மட்டும் சொன்னாள். மதியப் பேருந்திலேயே நோவி சாத் கிளம்பிவிட்டாள். நாளைதான் போவதாக இருந்தது.

ஜூலை 9, புதன்

மணி பத்து இருக்கும். காலில் சார்ஜ் கம்பியோடு உட்கார்ந்திருந்தேன். படியில் தடி ஊன்றும் சத்தம். ஊன்றும், நிற்கும். மறுபடி ஊன்றும். எங்களுடையது நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. இறங்கிப்போய்க் கைகொடுக்க முடியாது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றேன். கால்மணி நேரம் அப்படி நின்றிருப்பேன்.

மிலுங்கா மேலே வந்து சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். "நீங்க கீழ வர முடியாதுன்னாங்க" என்றார்.

நாற்காலி போட்டேன். தண்ணீர் குடித்தார். காப்பி வேண்டாம் என்றார். கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"போன்ல என்ன இருந்துச்சு?"

"டிப்போல ஒருத்தன் ஜோக் அனுப்பியிருந்தான்."

"என்ன ஜோக்?"

யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. "ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

தலையசைத்தார். சன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நடக்க ஆரம்பிச்சதிலேர்ந்து தினமும் அந்த இடத்துக்குப் போய் நிக்கிறேன். எப்படிப் பார்க்காம இறங்கினேன்னு பார்க்கிறதுக்கு. என் தங்கச்சி சொல்றா, எனக்கு மறதி நோய் ஆரம்பிச்சிருக்குன்னு. டாக்டர்கிட்டகூடப் போனேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"அதைக் கேட்டுட்டுப் போக நான் இத்தனை படி ஏறல. வக்கீல் முன்னால எழுதிக் குடுப்பீங்களா?"

குடுக்கிறேன் என்றேன். ஒரு படி, ஒரு மூச்சு என்று இறங்கிப் போனார்.

ஜூலை 10

ராத்மிலாவிடம் சொன்னேன். தலையணையை எடுத்துக்கொண்டு இஸிதோராவின் அறைக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 3

ஒரு காவலர் வந்து கத்தரிபோல ஒன்றால் வெட்டி எடுத்தார். இரண்டு நிமிட வேலை. கணுக்காலில் வெளுத்த வட்டம். போய் வருகிறேன் என்று அவரிடம் சொன்னேன். போனவர் அவர்.

செப்டம்பர் 12, வெள்ளி

வக்கீல் அலுவலகம். ராத்மிலா வரவில்லை, ஆனால் காலையில் என் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டியிருந்தாள்.

தட்டச்சு செய்த பெண் தொழில் என்ன என்று கேட்டாள். ஓட்டுநர் என்றேன். பிறகு, ஓட்டுநராக இருந்தேன் என்று போடச் சொன்னேன். டிப்போவிலிருந்து வேலைநீக்கக் கடிதம் நேற்றே வந்துவிட்டது.

கையெழுத்துப் போடும் முன் நானே உரக்கப் படிக்க வேண்டுமாம். மிலுங்கா தடியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி எதிரே உட்கார்ந்திருந்தார். படித்தேன். பேனாவை எடுத்தேன்.

"இருங்க. அந்த வரியை இன்னொரு தடவை" என்றார் மிலுங்கா.

"எந்த வரி?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குத் தெரிந்தது. நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன்:

"அவர் பார்த்துத்தான் நடந்து வந்தார். சாலையைப் பார்க்காதது நான்."