அரை இடம் தள்ளி

செங்கல்பட்டு,
திங்கட்கிழமை காலை

சௌபாக்கியவதி சாருலதாவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். இங்கே பெருமாள் கிருபையில் எல்லாம் சௌக்கியம், உங்கப்பாவின் வலது உள்ளங்கை ஒன்றைத் தவிர. அது ஏன் சிவந்திருக்கிறது என்று பின்னால் சொல்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் மேக்னாவும் எப்படி இருக்கிறீர்கள்? ஸ்டாக்ஹோமில் இன்னும் பனி கொட்டுகிறது என்றாயே, குழந்தையைக் காதை மூடாமல் வெளியே அனுப்பாதே. போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உங்கப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லி, நான் சொல்ல வேண்டிய பதிலையும் அவரே சொல்லிவிடுகிறார். இது அவர் வாய் நுழையாமல் உன்னிடம் வந்து சேர வேண்டிய சமாசாரம்.

நம் கானரச மன்றத்தின் ஆண்டு விழா நேற்று நடந்தது. முப்பத்தோரு அங்கத்தினரில் முப்பது பேர் பாடகர்கள், கேட்கிறவள் காபி பிளாஸ்க்கோடு கடைசி வரிசையில் உட்காருகிற நான் ஒருத்திதான். உனக்குத்தான் தெரியுமே, தலைவர் ஆராவமுதன், அதாவது உங்கப்பா, முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தட்டினால் முப்பது தொடையிலும் தட்டு விழும். பாட்டைக் கேட்டு எவரும் தாளம் போடுவதில்லை, உங்கப்பா கையைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். இருபத்தெட்டு வருஷமாக இதற்குக் கேள்வி ஞானம் என்று பெயர். இந்தத் தடவை விழா மாமல்லபுரத்தில், மன்றத்துக் கிச்சா மாமாவுக்குத் தெரிந்த ஒரு ரிசார்ட்டின் சாப்பாட்டுக் கூடத்தில். பக்கத்து அடுக்களையில் மீன் வறுக்கிறார்கள், நம் ஆட்கள் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டே பக்தி ரசம் பாடுகிறார்கள். வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர், சாப்பாட்டோடு சேர்ந்த நிகழ்ச்சி போலிருக்கிறது என்று ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். கிச்சா மாமாவின் ஆலாபனை பத்து நிமிஷத்தைத் தாண்டியதும் கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போனார்கள், பாவம்.

இதில்தான் மார்கரெட் பாட்டு. மார்கரெட்டை உனக்குத் தெரியாது. ரிட்டயரான நர்ஸ், வேலையில் இருந்தபோது பதினோரு வருஷம் டியூட்டி முடித்துவிட்டு வந்து வந்து முறையாகப் பாட்டுக் கற்றவள். மன்றத்தில் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. ஒவ்வொரு மாதமும் பாடப் பெயர் கொடுப்பாள், ஒவ்வொரு மாதமும் பட்டியல் நிரம்பிவிட்டது என்பார்கள். உச்சரிப்பு இன்னும் பண்பட வேண்டும் என்றார் உங்கப்பா, அவள் வாயைத் திறந்து ஒரு வரி பாடிக் கேட்பதற்கு முன்பே. ஜமக்காளம் விரிக்க மட்டும் அவள் கை முதல் நாளிலிருந்தே பண்பட்டிருந்தது போலும். அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நம் ஜனங்கள் அவ்வளவு நாகரிகம். நேற்று ஒரு மாமிக்குத் தொண்டை கட்டிப்போனதால் அரை மணி காலியாகி அவளுக்குக் கிடைத்தது. இதில் சறுக்கினால் இனிமேல் ஆயுசுக்கும் ஜமக்காளம்தான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் எடுத்தது எந்தப் பாட்டு என்று நினைக்கிறாய்? அதே சாவேரிக் கிருதி, நீ பன்னிரண்டு வயசில் மன்றத்தில் பாடினது. தட்டு விழுந்து அரை இடம் தள்ளித்தான் அதில் பாட்டு ஆரம்பம். உங்கப்பாவுக்கு எந்தப் பாட்டானாலும் முதல் எழுத்திலேயே ஓங்கி ஒரு தட்டு. அவர் தட்டினார், கூடவே மன்றத்தார் அத்தனை பேரும் தட்டினார்கள். மிருதங்கம் வாசித்த அஸ்வத், சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளை, நல்ல ஞானஸ்தன்தான். ஆனால் அடுத்த கச்சேரிக்கு ஆள் போடுகிறவர் தலைவராயிற்றே, அவனும் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டான். மார்கரெட் தன் தொடையில் சரியாகத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே இத்தனை கைகளைப் பார்த்ததும் முகம் வெளுத்துக் குரல் கம்மத் தொடங்கியது. முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

என் பக்கத்தில் அவள் புருஷன் வரதன், முட்டுக்காட்டில் படகு ஓட்டுகிறவர், கச்சேரி என்று வந்ததே அதுதான் முதல் தடவையாம். என்னிடம் குனிந்து, இன்னாம்மா இது, அல்லாரும் ஒரு பக்கம் தட்டிகினு கீறாங்க, எம் பொண்டாட்டி மட்டும் ஒரு பக்கம் தட்டிகினு கீறா, யாரு ரைட்டு என்று கேட்டார். உங்க பொண்டாட்டிதான் ரைட்டு என்றேன். அப்ப வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாம்மா என்றார்.

பிளாஸ்க்கை அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனேன். உங்கப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேடைக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்து, எல்லார் காதிலும் விழும்படி சரியான தாளத்தைப் போட ஆரம்பித்தேன். மார்கரெட் என் கையைப் பார்த்தாள், அந்தக் குரல் எழுந்து நின்றது பார், அடி அம்மா! இரண்டு ஆவர்த்தனத்தில் அஸ்வத் இந்தப் பக்கம் வந்தான். அப்புறம் கிச்சா மாமாவின் கை முழங்காலைச் சொறிகிற மாதிரி மெல்ல மாறியது, ஒவ்வொருத்தராக மாறினார்கள். உங்கப்பா மட்டும் விடாமல் ஓங்கி ஓங்கித் தட்டினார், பாட்டு முடிகிற வரைக்கும். உள்ளங்கை சிவந்தது அதில்தான்.

கேள், வேடிக்கை இனிமேல்தான். நன்றியுரையில் உங்கப்பா மைக்கைப் பிடித்து, பாடகியின் லய சுத்தத்தைச் சோதிக்கத்தான் தாம் வேண்டுமென்றே மாற்றிப் போட்டதாகவும், அவள் தேறிவிட்டதாகவும் சொன்னார். மன்றத்துத் தலைகள் எல்லாம் ஆடின, கைதட்டல் வேறு. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. மார்கரெட் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த மாதப் பட்டியலில் அவள் பெயரை இரண்டாவதாக எழுத வைத்துவிட்டுத்தான் காரில் ஏறினேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் நானே ஆரம்பித்தேன். சோதனைதான் என்றால் அன்றைக்குப் பன்னிரண்டு வயசுக் குழந்தையையும் சோதித்தீர்களா என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவர்தான், இன்று காலை காபிக்குக்கூடக் கையைத்தான் நீட்டினார்.

அவரைச் சொல்லி என்ன பிரயோஜனம், அவருக்கு நிஜமாகவே தெரியாது. எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும், அந்தப் பாட்டை உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே. நீ பாதியில் குழம்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினாய். நான் உன்னைப் பார்க்காமல் உங்கப்பா கையைப் பார்த்து எல்லாரோடும் சேர்ந்து தப்பாகத் தட்டினேன். நீ அழுதுகொண்டு இறங்கினாய், அதற்குப் பிறகு பாடவே இல்லை. குழந்தைக்கு லயம் போதாது என்று ஊரே சொன்னது, நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் தாளம் சரியாக இருந்தது சாரு. முதல் தட்டிலிருந்து கடைசி வரைக்கும் சரியாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு இருபத்தாறு வருஷமும் ஒரு படகுக்காரரும் வேண்டியிருந்தது.

மேக்னா பாட்டுக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள், நம் குடும்பத்துக்கு லயம் வராது என்று அவளிடம் சொல்லிவிட்டேன் என்றாயே போன வாரம். தயவுசெய்து அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். மூவரும் நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருங்கள். குழந்தைக்கு இருமல் வந்தால் மிளகுப்பாலில் பனங்கற்கண்டு போட்டுக் கொடு, மறக்காதே. பிறகு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தச் சாவேரியை ஒரு தடவை முழுசாகப் பாடு, யார் கையையும் பார்க்காதே.

உன் அம்மா,
கோமளம்