ஐந்தாம் தேதி

திண்டிவனத்தில் இருக்கும் சின்னவனுக்கு,

நேற்று மூன்று சக்கர வண்டியில் நானே விழுப்புரம் வங்கிக்குப் போய், ஊனமுற்றோர் உதவித்தொகையை எடுத்து வந்தேன்.

"புள்ள வரலைங்களா?" என்று காசாளர் கேட்டார்.

"கையெழுத்துப் போடக் கத்துக்கினேங்க. இனிமே கைரேகை வேணாம்" என்றேன்.

ஒரு வருஷமாக யாருக்கும் சொல்லாமல் எழுதிப் பழகினேன். இந்தக் கடிதமும் என் கையெழுத்துதான்.

மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி வருவாய். தேய்ந்த ரேகை மெஷினில் பதிய வேண்டும் என்று என் கட்டைவிரலை உன் சட்டையில் துடைத்துவிடுவாய். பிறகு ஐந்நூறை என் பையில் வைத்துவிட்டு, மீதியோடு பஸ் ஏறுவாய். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

இனி அந்தப் பணம் என்னிடமே இருக்கும். என்னைப் பார்க்க வருவதானால் வேறு தேதியில் வா. பஸ் காசை நான் தருகிறேன்.

உன் அப்பா